வளர்ச்சி நின்றவர்

உன்னதா இரும்பாலையின் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 'இளம் வீராங்கனைகளின் வளர்ச்சியே அணியின் வெற்றி.' கீழே சேர்மனின் படம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலைகள் பல உண்டு. உன்னதா கம்பியோடு ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியையும் வைத்திருந்தது. அணியின் பெயர் உன்னதா டவர்ஸ். சம்பளத்துக்கு ஆடும் அணி. தென்மண்டல லீக்கில் ஒவ்வொரு வருடமும் பட்டியலின் நடுவில் நின்றது. நடுவில் நிற்பது சேர்மனுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் ஒரு வாரம் இருந்தார். இளநீர் குடித்தார். ஆங்கிலத்தில் தடிமனான ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். வெளியூர் ஆட்களை விலைக்கு வாங்கி அணி நிற்காது, பயிற்சி மையத்துப் பெண்களை ஆடவிட்டு, தோற்கவிட்டு, திருத்தி, மேலே கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். அலுவலகத்தில் அதைத் தமிழில் ஒரு வரியாகச் சுருக்கினார்கள். அந்த வரிதான் பலகையில் இருந்தது.

சேர்மன் அறிக்கையைப் படிக்கவில்லை. பலகையைப் படித்தார்.

"வளர்ச்சியை யார் அளக்கிறது?" என்று கேட்டார்.

அளப்பது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் வேலை. அதன் மேலாளர் தணிகைவேல். கம்பியின் தடிமன், நீளம், வளைவு எல்லாம் அவர் சொன்னால்தான் லாரி ஏறும். அவர் ஒரு புதிய டேப் வாங்கினார்.

இம்மானுவேல் அதே ஆலையில் கம்பி வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர். ஒப்பந்த ஆள். ஆரம்பாக்கத்தில் வீடு. மகள் ஏஞ்சலின் அணியின் பயிற்சி மையத்தில் இருந்தாள். பதினேழு வயது. உயரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவள் ஒரு பக்கம் பார்ப்பாள், பந்து இன்னொரு பக்கம் போகும். அங்கே ஓர் ஆள் தனியாக நின்றுகொண்டிருப்பாள். பந்து வந்த பிறகுதான் தான் தனியாக நிற்பது அந்த ஆளுக்கே தெரியும்.

கோடையில் பயிற்சி மையப் பெண்களும் சீனியர் அணியும் மோதினார்கள். மையப் பெண்கள் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் கிரேஸ், முன்பு ரயில்வே அணியில் ஆடியவர், ஏஞ்சலினைக் கூப்பிட்டு, "இந்த சீசன் நீ ஆடுற" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஏஞ்சலின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நைனா, இந்த சீசன் நான் ஆடுறேன்."

"யாரு சொன்னா?"

"கிரேஸ் மேடம்."

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இம்மானுவேல். கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தார்.

பலகை வந்தது அதற்கு அடுத்த வாரம்.

கிரேஸ் தணிகைவேலின் அறைக்குப் போனார். வாசலில் வேறு வேலையாக நின்ற இம்மானுவேல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், வளர்ச்சின்னா ஒசரம் இல்ல. ஆட்டம் வளர்றது."

"ஆட்டத்தை எதுல மேடம் அளப்பீங்க?"

"அளக்க முடியாது சார். பாக்கணும்."

"கண்ணால பாத்துச் சொல்றத ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

மறுநாள் கிரேஸ் எடைமேடைக்கு மாற்றப்பட்டார். லாரிகள் காலியாக ஏறும், நிரம்பி ஏறும். அவர் எடை சொன்னால் போதும். அங்கே பார்க்க வேண்டியது ஏதுமில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் அளவு நாள் என்று அறிவித்தார்கள். கம்பிகளுக்கு ரகம் தெரிய முனையில் வண்ணம் அடிப்பார்கள். அதே டப்பா, அதே பிரஷ். பெண்களின் ஷூ முனையில் அடித்தார்கள். முன்பு எடுத்த அளவைவிட வளர்ந்திருந்தால் பச்சை. கொஞ்சம் சந்தேகம் இருந்தால் மஞ்சள். ஏஞ்சலினுக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் 'வளர்ச்சி நின்றவர்'. வளர்ச்சி நின்றவர் பந்தைத் தொடக் கூடாது. பந்து வளர்கிறவர்களுக்கானது.

பெற்றோர் கூட்டம் நடந்தது. தணிகைவேல் திரையில் படம் காட்டினார். முதுகெலும்பின் படம்.

"ஓடினா, குதிச்சா, எலும்பு அமுங்கும். அமுங்கினா உயரம் குறையும். இது அறிவியல். ஆகையால இன்னையிலேருந்து மையத்தில் ஓட்டமும் குதித்தலும் நிறுத்தப்படுது."

இம்மானுவேல் கையைத் தூக்கினார். "சார், ஓடாம, குதிக்காம எப்படி சார் பேஸ்கட்பால்?"

"முதல்ல வளரட்டும். அப்புறம் ஆடட்டும். வளராம ஆடி என்ன பிரயோஜனம்?"

பெற்றோர் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் இம்மானுவேலும் தட்டினார்.

பயிற்சி நேரம் மாறவில்லை. காலையும் மாலையும் பெண்கள் வந்தார்கள். கூரை போட்ட மைதானத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். பிறகு எழுந்து கம்பியில் தொங்கினார்கள். பிறகு படுத்தார்கள். ஏஞ்சலின் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இல்லாத பந்தை விரல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளர் வந்து விரலையும் அசைக்க வேண்டாம் என்றார்.

ஏஞ்சலினின் அம்மா மேரி, ஒரு பிஸ்கட் கம்பெனியில் காலை ஷிப்ட் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டரிடம் போய் நின்றாள்.

"பாப்பா ஒசரமாவணும் ஐயரே. ஜெபம் பண்ணுங்க."

பாஸ்டர் யோசித்தார். "ஒசரத்துக்குன்னு தனியா பண்ணதில்லம்மா. ஞானத்துக்குப் பண்றேனே."

"அது அவகிட்ட கீது. அத யாரும் அளக்க மாட்டேன்றாங்க."

இரண்டாம் அளவு நாளுக்கு முன் ஒரு செய்தி பரவியது. மனிதர்கள் காலையில் உயரமாகவும் மாலையில் குட்டையாகவும் இருக்கிறார்கள். இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் உயரம் கொஞ்சம் கூடுதல். எழுந்து நின்ற கணத்திலிருந்து குறைய ஆரம்பிக்கிறார்கள். இதைத் தணிகைவேலே ஒத்துக்கொண்டார். "சாயங்கால அளவு எங்களுக்குத் தேவையில்ல" என்றார்.

பெற்றோர் புரிந்துகொண்டார்கள். படுக்கையில் இருந்து அளவுகோலுக்கு, நடுவில் நிற்காமல் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆதிகேசவன் குட்டியானை என்ற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். சிப்காட் கம்பெனிகளுக்குச் சரக்கு அடிப்பார். விடிந்ததும் வண்டியைப் பின்பக்கமாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இம்மானுவேலும் மேரியும் மெத்தையோடு ஏஞ்சலினைத் தூக்கி ஏற்றினார்கள். வெயில் படாமல் இருக்க மேரி ஒரு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தினாள்.

"அம்மா, மூஞ்சிய மூடாத. பயமாகீது."

"பேசாம படுடி. பேசினா கொறையுமோ இன்னாவோ."

எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. போலீஸ்காரர் குட்டியானையின் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எங்கேந்து பாடி வருது?"

"பாடி இல்ல சார்" என்றார் இம்மானுவேல். "பேஸ்கட்பால் பிளேயரு."

"உசுரோட கீதா?"

"கீறேன் சார்" என்றது துப்பட்டி.

"அப்ப எழுந்து உக்காரும்மா. வண்டில இப்படிப் படுத்துக்கினு போகக் கூடாது."

"உக்காந்தா கொறைஞ்சிருவேன் சார்."

போலீஸ்காரர் ஆதிகேசவனைப் பார்த்தார். ஆதிகேசவன் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"இன்னா பேஜாரு இது காலங்காத்தால" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டார் போலீஸ்காரர். "போ, போ."

ஆலை வாசலில் இன்னும் பல வண்டிகள் நின்றன. ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெண்ணை அமரர் ஊர்தியில். அதில்தான் கால் நீட்டிப் படுக்க முடிகிறது என்றார் அவள் அப்பா. வாடகையும் கட்டுப்படியாகிறதாம். ஒவ்வொரு பெண்ணையும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு ஓடினார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வெளியே வந்த தொழிலாளர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் கும்பிட்டார்.

ஏஞ்சலினைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து அளந்தார்கள். சிவப்பு.

அதற்குள் சீசன் ஆரம்பித்துவிட்டது. பச்சை முனைப் பெண்களோடு, உயரமானவர்களாகப் பார்த்து வடக்கிலிருந்தும் நான்கு பேரை எடுத்தார்கள். டவர்ஸ் களத்தில் இறங்கியபோது எதிரணிப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு டவர்ஸ் பெண்களின் கைகளுக்குக் கீழே புகுந்து ஓடினார்கள். பந்தைக் கொண்டுவர ஆளில்லை. டவர்ஸ் பெண்கள் கூடைக்கு அடியில் கையை உயர்த்தி வரிசையாக நின்றார்கள். பந்து வரவில்லை. மழைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தது.

தோல்விக்குக் காரணம் ஆராயப்பட்டது. வளர்ச்சி போதவில்லை என்று தெரிந்தது.

தணிகைவேல் மறுபடி பெற்றோரைப் பிள்ளைகளோடு கூட்டினார். இந்த முறை ஆய்வகத்திலேயே. இழுவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசினார். அதில் ஒரு கம்பி மாட்டியிருந்தது.

"பாருங்க. எல்லாக் கம்பிக்கும் ஒரு நீட்சி இருக்கு. இழுக்காம தெரியாது. இழுத்தா நீளும். எவ்வளவு நீளும்?"

பொத்தானை அழுத்தினார். கம்பி நடுவில் மெலிந்தது. பிறகு துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். பெண்கள் காதைப் பொத்தினார்கள். அவர் ரெண்டு துண்டையும் எடுத்து மேசைமேல் முனையோடு முனை சேர்த்து வைத்து டேப்பால் அளந்தார்.

"அறுந்தப்புறம் சேர்த்து வெச்சு அளந்தாதான் சரியான அளவு கிடைக்கும். இதுதான் முறை. உலகம் முழுக்க இதுதான் முறை." டேப்பைச் சுருட்டினார். "நம்ம பிள்ளைங்ககிட்டயும் நீட்சி இருக்கு. நாம நம்பணும்."

பெற்றோர் நம்பினார்கள்.

இனி தொங்குவது எடையோடு. காலில் இரும்பு கட்டித் தொங்க வேண்டும். எடையைப் பெற்றோரே கட்டினால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்றார்கள். கம்பி வெட்டும்போது மிஞ்சும் முனைத்துண்டுகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். இம்மானுவேல் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய இயந்திரத்தில் விழுந்த துண்டுகள். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்ததால் வெட்டுவாயில் ஒரு பிசிறு இருக்கும். எல்லாத் துண்டிலும் அந்தப் பிசிறு இருந்தது.

"பிசிறு குத்தும்மா" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை இரண்டாக மடித்து மகளின் கணுக்காலில் சுற்றினார். அதற்குமேல் மூட்டையைக் கட்டினார்.

"கனமா இருந்தா சொல்லு. அவுத்துடறேன்."

"கனமாத்தான் இருக்கும் நைனா. இரும்புதானே."

"வேணாம்னா வேணாம் பாப்பா. ஊட்டுக்குப் போலாம்."

"பச்ச அடிச்சாத்தான் ஆட வுடுவாங்க."

தினமும் தொங்கினாள். மூட்டை பெரிதானது. கடைசி அளவு நாளுக்கு முந்தைய நாள், கண்ணை மூடித் தொங்கிக்கொண்டிருந்தவளின் வலது தோள் சட்டென்று ஒரு மாதிரி இறங்கியது. சத்தம் கேட்டதா இல்லையா என்று இம்மானுவேலுக்கு நிச்சயமில்லை. ஆலைக்குள் எப்போதும் ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கை வழுக்கிச்சு."

மறுநாள் குட்டியானையில் படுத்துக்கொண்டு போனாள். சுவரோரம் நிறுத்தினார்கள். தணிகைவேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை அளந்தார். பிறகு தாமே பிரஷை எடுத்தார்.

பச்சை.

ஆய்வகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த முதல் பெண். சிப்காட் நுழைவில் அவள் படத்தோடு பேனர் வைத்தார்கள். 'வளர்ச்சியின் முகம்.' கடைசி ஆட்டத்துக்கான அணியில் அவள் பெயர் இருந்தது. வீட்டில் மேரி அழுதாள். ஆதிகேசவன் மூன்று மாத வண்டி வாடகை வேண்டாம் என்றார். "என் வண்டில வளந்த பொண்ணுப்பா" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தன்று மேரி ஷிப்டுக்குப் போய்விட்டாள். இம்மானுவேல் நாஷ்டா முடித்து எழுந்தபோது, ஏஞ்சலின் அவிழ்ந்த முடியும் ரப்பர் பேண்டுமாக எதிரில் வந்து நின்றாள்.

"நைனா, முடி கட்டி வுடு."

"நானா? உனக்குக் கை இல்லியா?"

அவர் அவள் கையைப் பார்த்தார். பிடித்து மெதுவாகத் தூக்கினார். தோள்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அவள் உதட்டைக் கடித்தாள்.

"எப்பத்துலேந்து?"

"அன்னிக்கிலேந்து."

"வா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஆடிட்டு வரேன் நைனா. இப்ப சொன்னா செவப்பு அடிச்சிருவாங்க."

அவர் ரப்பர் பேண்டை வாங்கினார். பெண்பிள்ளை முடியைக் கட்டியதில்லை. கம்பிக் கட்டை முறுக்கிக் கட்டுகிற மாதிரி கட்டினார். கோணலாக வந்தது. அவள் பரவாயில்லை என்றாள்.

பழைய கிடங்கு ஒன்றைத்தான் அரங்கமாக மாற்றியிருந்தார்கள். கூரை சூடு இறங்கியது. இம்மானுவேல் மேல் வரிசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கிரேஸ். எடைமேடை யூனிபாரத்திலேயே வந்திருந்தார். சட்டையெல்லாம் செம்மண் தூசி.

"உங்களுக்கு லீவு குடுத்தாங்களா மேடம்?"

"ஒரு லாரிய மேடையில நிறுத்திட்டு வந்துட்டேன். நிக்கட்டும்."

கடைசி கால்பகுதியில் ஏஞ்சலினை இறக்கினார்கள். டவர்ஸ் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. இறங்கும்போது ஒலிபெருக்கியில் அவள் பெயரோடு அவள் எவ்வளவு வளர்ந்தாள் என்பதையும் சொன்னார்கள். கூட்டம் விசில் அடித்தது.

பந்து அவளிடம் வந்தது. இடது கையால் தட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேர் மறித்தார்கள். அவள் நேராகக் கூடையைப் பார்த்தாள். கிரேஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வலது மூலையில், யாரும் கவனிக்காத இடத்தில், டவர்ஸ் பெண் ஒருத்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்துட்டா" என்றார் கிரேஸ்.

ஏஞ்சலின் வலது கை கிளம்பியது. பாதியில் நின்றது. பந்து அவள் காலடியிலேயே விழுந்து, உருண்டு, எதிரணிப் பெண்ணிடம் போனது. அந்தப் பெண்ணே ஒரு கணம் திகைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மூலையில் நின்றவளுக்குத் தான் தனியாக நின்றது தெரியவே இல்லை.

"அந்தக் கைக்கு இன்னா ஆச்சு?" என்றார் கிரேஸ்.

இம்மானுவேல் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் மேடம் மூட்டைய கட்டினேன்."

கிரேஸ் ஆட்டம் முடியும்வரை இருந்தார். பிறகு லாரிக்குப் போனார்.

ஆட்டத்துக்குப் பிறகு விழா. சேர்மன் பேசினார்.

"பட்டியல்ல நாம கடைசி. அதை மறைக்க விரும்பல. ஆனா சராசரி உயரத்தில் நாமதான் முதல். ஜெயிப்பும் தோல்வியும் வரும், போகும். வளர்ச்சி போகாது. இந்த லீக்கில் ஒரு அணியும் இனி நம்மைக் குனிந்து பார்க்க முடியாது. அந்த நிலைமையை உருவாக்கியிருக்கோம்." தணிகைவேலுக்குச் சால்வை போர்த்தினார். போர்த்தியபின், "அடுத்த சீசன் இலக்கு இன்னும் ஒரு விரற்கடை" என்றார்.

'வளர்ச்சியின் முகம்' மேடைக்கு அழைக்கப்பட்டது. வளர்ச்சிக்காகக் கம்பெனியே கொடுத்த கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அடக்கமான பெண் என்று சேர்மன் மைக்கில் சொன்னார்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். எழுதலாம், சாப்பிடலாம், கையைத் தோள்வரை கொண்டுவரலாம் என்றார். பந்து என்று இம்மானுவேல் ஆரம்பித்தார். டாக்டர் படத்தை உறையில் போட்டார்.

கம்பெனி அவளை நீக்கவில்லை. பச்சை முனை பச்சை முனைதான். குழுப் புகைப்படத்துக்கும் புதிய பெண்கள் சேரும் நாளில் சுவரோரம் நின்று காட்டவும் வரச் சொன்னார்கள். வண்டி அனுப்புவதாகவும் சொன்னார்கள்.

"உக்காந்துக்கினே வரலாமா?" என்று ஏஞ்சலின் கேட்டாளாம். அதை வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். மேரி சிரிக்கவில்லை.

முதல் திங்கள். மேரி ஷிப்டுக்குப் போய்விட்டாள். ஆதிகேசவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நல்லா வளந்துட்டியே" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

ஏஞ்சலின் முடியை அவிழ்த்துவிட்டு அப்பாவின் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். இப்போதெல்லாம் அவருக்குக் கோணல் வருவதில்லை. ரப்பர் பேண்டை விரலில் மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினார். போன மாதம் எட்டிய உச்சி இன்றைக்கு எட்டவில்லை.

"கொஞ்சம் குனிம்மா" என்றார்.

அவள் குனிந்தாள்.